முட்டுக்கட்டையாக ஓர் இழை

உண்ட சோற்றைக் கரைக்கும் கடும் அமிலம் ஊறுகிற இடம் இரைப்பை. அந்த அமிலத்தை அன்றாடம் தாங்கும் உட்சுவரின் மேற்பரப்புச் செல்கள் சில நாட்களுக்கொருமுறை உதிர, அடியிலிருந்து புதியவை எழுகின்றன. ஓயாத இந்தப் பெருக்கம் கட்டுமீறினால் புற்றுநோய். ஆனால், வாழ்நாள் முழுதும் இப்படிப் பெருகியும் பெரும்பாலோர் இரைப்பையில் அது கட்டுமீறுவதில்லை. அந்தக் காவலில் ஒரு பங்கைப் படைத்தவன் எத்தனை சிறிய பொருளிடம் ஒப்படைத்திருக்கிறான்!

மைக்ரோ ஆர்என்ஏ என்பது ஏறத்தாழ 22 எழுத்துகள் மட்டுமே கொண்ட இழை. அது எந்தப் புரதத்தையும் ஆக்குவதில்லை. மரபணுவின் கட்டளையைச் சுமந்துவரும் தூது ஆர்என்ஏவில் தனக்குப் பொருந்தும் இடத்தைப் பற்றிக்கொள்கிறது. கட்டளை அடங்குகிறது, அல்லது சிதைகிறது. மாபெரும் தேரைத் திருப்பவும் நிறுத்தவும் சக்கரத்தடியில் இடுவார்களே, அந்த முட்டுக்கட்டையின் வேலை இது.

1993இல் விக்டர் ஆம்ப்ரோஸ், கேரி ருவ்கன் இருவரும் 1 மில்லிமீட்டர் நீள உருளைப்புழுவில் இந்த வகை இழையைக் கண்டறிந்தார்கள். புழுவுக்கு மட்டுமே உரியது என்று பலரும் எண்ணினார்கள். லெட்-7 என்ற இன்னோர் இழை புழு, ஈ, மனிதர் எல்லாருக்கும் பொது என்பது 2000இல் தெரியவந்தது. முதலில் கண்ட இருவருக்கும் 2024இல் மருத்துவ நோபல் பரிசு கிடைத்தது.

இரைப்பையில் மிர்-200 என்ற மைக்ரோ ஆர்என்ஏ குடும்பம், செல்களைப் பிணைத்துவைக்கும் ஈ-கேடெரின் புரதம் குறையாமல் காக்கிறது. இந்தக் குடும்பம் நலிந்தால் புற்றுச் செல்கள் பிடிவிட்டுப் பரவத் தொடங்குகின்றன. மிர்-34, பி53 புரதத்தின் ஏவலால் பழுதுற்ற செல்லின் பெருக்கத்தை நிறுத்துகிறது. மிர்-21 அளவோடு இருக்கவேண்டியது. ஹெலிகோபேக்டர் பைலோரி கிருமி தங்கிய இரைப்பையில் அது மிகுந்து, பெருக்கத்துக்குத் தடையான பீடென் புரதத்தையே அடக்கிவிடுகிறது. குறைந்தாலும் கேடு, மிகுந்தாலும் கேடு.

கேடு நேரும்போதும் கருணை மிச்சமிருக்கிறது. இந்த இழைகள் இரத்தத்திலும் சிதையாமல் உலவுகின்றன. அவற்றில் 12 வகைகளை அளந்து, யாருக்கு உள்நோக்கிச் சோதனை தேவை என்று சொல்லும் முறைக்குச் சிங்கப்பூர் 2019இல் ஒப்புதல் அளித்தது.

பெருக்கும் ஆற்றலைத் தந்தவன் அடக்கும் ஆற்றலையும் உடன் தந்திருக்கிறான். ஹெலிகோபேக்டர் கிருமியை மருந்தால் ஒழிப்பதும், புகையை விடுவதும், உப்பைக் குறைப்பதும் அந்த ஏற்பாட்டுக்கு நாம் செய்யும் மரியாதை.