பையனுக்கு முதல் பேனாக்கத்தி

மே மாத விடுமுறைக்கு ஊருக்குப் போய்த் திரும்பிய 10 வயதுப் பையன், தாராவி வீட்டில் பெட்டியை இறக்கி வைத்ததும் கேட்ட முதல் பொருள் ஒரு பேனாக்கத்தி! திருநெல்வேலிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் தாத்தாவின் மடியில் எப்போதும் ஒன்று இருக்கும். மாங்காய் கீற, பாளைக் கயிறு அறுக்க, சாக்குத் தையல் பிரிக்க எல்லாவற்றுக்கும் அதுதான். ஒரு மாதம் கூடவே இருந்து பார்த்த பிள்ளைக்கு ஆசை வந்துவிட்டது.

தாய்க்குப் பகீர் என்றது. "ஏங்க, இந்த ஊர்லே சின்னப் பிள்ளை கையிலே கத்தியா? போலீஸ்காரன் பார்த்தா என்ன ஆகும்?" என்றாள். குமாஸ்தா வேலை பார்க்கும் தந்தையும் தயங்கினார்.

தயங்க வேண்டியதுதான். ஆனால் அவரே பள்ளிக்கூடம் போன நாளில் பென்சில் சீவியது எதைக் கொண்டு? சவரம் செய்து கழித்த பிளேடை இரண்டாக ஒடித்து, அதில் ஒரு பாதி. பிடி கிடையாது, உறை கிடையாது. காகிதத்தில் சுற்றிப் பையில் கிடக்கும். அதைக் கொடுத்த வீட்டார் யாரும் அஞ்சவில்லை. விரலை அறுத்துக்கொள்ளாத பிள்ளையும் அநேகமாக இல்லை. அந்தப் பாதி பிளேடுக்கு, பிடியுள்ள சிறு மடக்குக் கத்தி எவ்வளவோ மேல். முன்பு இறகுப் பேனாவின் முனையைச் சீவ வைத்திருந்த கத்தி என்பதால்தான் அதற்குப் பேனாக்கத்தி என்று பெயர். எழுதுகிறவன் சாமான் அது; சண்டைக்காரன் சாமான் அல்ல.

சினிமாக் கத்தி வேண்டாம்

கடையில் பையன்கள் முதலில் கை காட்டுவது, பொத்தானை அழுத்தினால் 'டக்'கென்று விரியும் கத்தியைத்தான். பழைய இந்திப் படங்களில் வில்லன் கையில் மின்னிய 'ராம்பூரி'யின் மகிமை அது! உத்தரப்பிரதேசத்து ராம்பூரில் செய்யப்பட்டுப் பெயர் பெற்ற கத்தி. அந்த ஊர் நாற்சந்தியில் 2023-ல் சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றையே நிறுத்தி வைத்தார்கள். பார்க்க அழகுதான், பிள்ளைக்கு ஆகாது. விசை தானே விரிக்கும் கத்திக்கு விரல் எங்கே இருக்கிறது என்று தெரியாது.

சட்டமும் குறுக்கே நிற்கிறது. டெல்லியில் 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டிய பொத்தான் கத்தி, வில் கத்திகளுக்கு 1980-லேயே தடை வந்துவிட்டது. வீட்டு வேலை, விவசாயம் போன்றவற்றுக்கு அல்லாமல், 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுத விதிகளின்படி ஆயுதக் கணக்கில் சேரும். மும்பையில் போலீசார் அவ்வப்போது பொது இடங்களில் கத்தி, கம்பு எடுத்துச் செல்லத் தடை உத்தரவு போடுவதும் உண்டு. ஆகவே தாயின் பயத்தில் நியாயம் இருக்கிறது. சிறு பேனாக்கத்தியானாலும் வீட்டோடு இருக்கட்டும். பள்ளிக்கூடப் பைக்குள் போகவே கூடாது. ஊருக்கு விமானத்தில் போகிறவர்கள் கைப்பையில் வைத்தால் சோதனையில் எடுத்துவிடுவார்கள். ஏற்றிவிடும் பெட்டியில் வைக்க வேண்டும்.

கையில் கொடுத்துப் பார்

கிராபோர்டு மார்க்கெட் பக்கமோ நாக்தேவி தெருவுக்கோ போகும்போது பையனையும் அழைத்துச் செல்ல வேண்டும். கத்தி பிடிக்கப் போவது அவன் கை.

அலகு 5, 6 சென்டிமீட்டர் இருந்தால் போதும். நகம் பதியும் குழியைப் பிடித்து அவனே இரண்டு கையாலும் திறக்கட்டும். நகம் மடங்கும் அளவுக்கு இறுக்கமானால் வேண்டாம். இழுத்ததும் தொளதொளவென்று வந்தாலும் வேண்டாம். திறந்த பின் அலகை இடமும் வலமும் அசைத்துப் பார்த்தால் ஆணியின் லட்சணம் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் விரலை அறுத்துக்கொள்வது வெட்டும்போது மட்டும் அல்ல. நுனியால் குத்தித் துளை போடப் போய், கத்தி திடீரென்று மடங்கி விரல்மேல் விழும்போதும்தான். அதனால் திறந்ததும் பூட்டிக்கொள்ளும் கத்தி நல்லது. பிரான்சில் 1890 முதல் செய்யப்பட்டு வரும் ஒபினெல் கத்தியில் ஒரு வளையத்தைத் திருகினால் அலகு நிற்கும். சிறுவர்களுக்கென்றே முனை மழுங்கிய ரகமும் உண்டு. சுவிஸ் விக்டோரினாக்சிலும் அப்படி ஒரு சிறுவர் கத்தி இருக்கிறது. விலை கையைக் கடித்தால் உள்ளூர்க் கத்தியையே வாங்கி, கூர்முனையைத் தீட்டுக்கல்லில் உருட்டித் தேய்த்துக்கொள்ளலாம். பத்துக் கருவி அடங்கிய கத்தி மட்டும் வேண்டாம். பிள்ளை ஒன்றொன்றாகத் திறந்து மூடுவதிலேயே பொழுதைப் போக்கும்.

முனை மழுங்கலாம், வாய் மழுங்கக் கூடாது. கூரில்லாத கத்தியைத்தான் பிள்ளை அழுத்தும், அழுத்தினால் வழுக்கும். மும்பை மழைக்காலத்தில் சாதா இரும்பு இரண்டே நாளில் துருவேறும். துடைத்து ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் பூசினால் போதும்.

முதல் வேலைக்குச் சோப்புக்கட்டி சிறந்தது. மரத்தைப் போல எதிர்க்காது. பிறகு கொய்யாப்பழம், முருங்கைக் குச்சி. உட்கார்ந்துதான் சீவ வேண்டும், உடம்பை விட்டு வெளிப்பக்கமாக. கை நீட்டினால் எட்டும் தூரத்தில் தம்பி தங்கை இருக்கக் கூடாது. நழுவினால் விழட்டும், பிடிக்கப் பாயக் கூடாது. கத்தியைக் கைக்குக் கை கொடுத்தால் சண்டை வரும், கீழே வைத்து எடு என்று பாட்டிமார் சொல்வார்களே, அதை மட்டும் மாற்றவே வேண்டாம். அறுத்துக்கொண்டால் கழுவி, சுத்தமான துணியால் சற்று நேரம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ஆழமான காயம் என்றால் டாக்டரிடம் போக வேண்டும்.

தாராவிப் பையனுக்குத் தாத்தா தம் கத்தியையே கொடுக்க வந்தாராம். தந்தைதான் வேண்டாம் என்றுவிட்டார். நாற்பது வருடம் தீட்டித் தீட்டி அலகு நாணல்போல் மெலிந்து, ஆணியும் ஆடுகிறது. கிழவருக்குக் கொஞ்சம் வருத்தம். கடைசியில் வாங்கியது பூட்டு உள்ள, மரப்பிடிக் கத்தி. வீட்டில் அப்பா இருக்கும்போது மட்டும் பீரோவின் மேல்தட்டிலிருந்து இறங்கும். இதுவரை இரண்டு சோப்புகள் தீர்ந்திருக்கின்றன. அடுத்த மே மாதம் தாத்தாவிடம் காட்டுவதற்காக மூன்றாவதில் ஒரு யானை தயாராகிறது. தும்பிக்கைதான் ஒடிந்து ஒடிந்து விழுகிறதாம்.