பட்டாணிப் பருப்பும் காகித விமானமும்

இரண்டாம் உலகப் போருக்கு முந்தைய இங்கிலாந்து. ஸ்பிட்ஃபயர் போர் விமானத்தை உருவாக்கிக்கொண்டிருந்த பொறியாளர்கள் ஒரு கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். அலுமினியத் தகடுகளை இணைக்கும் ரிவெட்டுகளின் தலை மேற்பரப்போடு சமமாக இருந்தால் காற்று தடையின்றி வழுக்கிப் போகும். ஆனால், அப்படி அடிப்பதற்கு நேரமும் பணமும் அதிகம் பிடிக்கும். உருண்டைத் தலை ரிவெட் என்றால் வேலை சீக்கிரம் முடியும். அதனால் எவ்வளவு வேகம் குறையும் என்பதுதான் கேள்வி.

விடை காண, உடைத்த பட்டாணியை எடுத்து வழுவழுப்பான விமானத்தின் ரிவெட்டுகள் மேல் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். பறக்கவிட்டுப் பார்த்தால், வேகம் மணிக்குச் சுமார் 35 கி.மீ. வரை குறைந்தது. பிறகு பகுதி பகுதியாகப் பட்டாணியை நீக்கிவிட்டுப் பறந்து, எந்த இடத்துப் புடைப்பு வேகத்தைக் கெடுக்கிறது, எது கெடுக்கவில்லை என்று பிரித்தறிந்தார்கள். இறக்கைகளுக்குச் சமத்தலை ரிவெட், உடலின் பின்பகுதிக்கு உருண்டைத் தலை ரிவெட் என்று முடிவானது. 1943-இல்தான் உடலுக்கும் சமத்தலை ரிவெட் வந்தது.

காகிதத்தில் விமான மாதிரி செய்பவர்களுக்கு இந்தக் கதை ஒரு பாடம். 1941-ஆம் ஆண்டு ஸ்பிட்ஃபயரைச் செய்கிறீர்கள் என்றால், வால் பக்கம் விரலில் நெருட வேண்டும். இறக்கை வழுக்க வேண்டும். எல்லா இடத்திலும் ஒரே மாதிரி புள்ளி குத்தினால் உழைப்பு கூடும், உண்மை குறையும். விமானத்தின் மேல் இருக்கும் ஒவ்வொரு கோட்டுக்கும், புடைப்புக்கும், கறைக்கும் ஒரு காரணம் உண்டு. அந்தக் காரணத்தைத் தெரிந்துகொண்டு கை வைப்பதுதான் இந்தக் கலை.

முப்பத்து மூன்றில் ஒரு பங்கு

இந்தக் கலையைத் தலைமேல் வைத்துக் கொண்டாடும் நாடு போலந்து. 1957-இல் அங்கே தொடங்கிய ‘மாவி மொடெலாஷ்’ இதழ், வெட்டி ஒட்டும் மாதிரிகளை அச்சிட்டு வீடுதோறும் கொண்டுபோனது. 1:33 என்ற அளவு அங்கே காகித விமானங்களுக்கு வழக்கமாகிவிட்டது. 11.23 மீட்டர் இறக்கை விரிவு கொண்ட ஸ்பிட்ஃபயர் இந்த அளவில் 34 செ.மீ. ஆகிறது.

மேற்பரப்பு வேலையில் இந்த 33-ஐ மறக்கவே கூடாது. 0.3 மி.மீ. முனைப் பேனாவால், தகடுகள் சேரும் இடத்தைக் காட்டும் பேனல் கோடு ஒன்றை இழுத்தால், நிஜ விமானத்தில் அது ஒரு சென்டிமீட்டர் அகல இடைவெளி. அப்படி ஒரு விமானத்தில் எந்த விமானியும் ஏற மாட்டார். கறுப்பு மைக்குப் பதில், அந்தப் பகுதியின் நிறத்தைவிடச் சற்றே அடர்ந்த பென்சிலைக் கூர் தீட்டி, அழுத்தாமல் இழுத்தாலே போதும்.

அதைவிட நல்ல வழி, நிறமே இல்லாத கோடு. மை தீர்ந்த பால்பாயிண்ட் பேனாவை ஸ்கேல் ஓரமாக ஒருமுறை மெல்ல ஓட்டினால் தாள் லேசாகப் பள்ளமாகும். மற்றதை வெளிச்சமும் நிழலும் பார்த்துக்கொள்ளும். பாகத்தை வெட்டுவதற்கு முன், தாள் தட்டையாக இருக்கும்போதே இதை முடித்துவிட வேண்டும்.

உருண்டைத் தலை ரிவெட்டுகளைத் தாளின் பின்பக்கத்திலிருந்து புடைக்க வைக்கலாம். தையற்காரர் வைத்திருக்கும் பல்சக்கரம் இந்த அளவுக்கு முரடு. பழைய கடிகாரத்தின் சிறிய பல்சக்கரத்தை ஒரு கைப்பிடியில் பொருத்தி உருட்டினால் வரிசை நெருக்கமாக விழும். தாளை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முன்பக்கக் கோடுகளைப் பின்னால் குறித்துக்கொண்டால் வரிசை பிசகாது.

துணியா, தகடா?

அந்தக் கால விமானங்கள் முழுக்க உலோகத்தால் ஆனவை அல்ல. ஸ்பிட்ஃபயரின் வால் சுக்கான் துணி போர்த்தியது. அங்கே ரிவெட் வரிசைக்கு இடமே இல்லை. 1940-இல் பிரிட்டனுக்காகப் போரிட்ட போலந்து விமானிகளின் 303-ஆவது படை ஓட்டிய ஹரிக்கேனில், விமானி இருக்கைக்குப் பின்னால் உடலே துணிதான். அடியில் நீளவாக்கில் ஓடும் மரச்சட்டங்கள் துணியில் வரி வரியாகத் தெரியும். தாளின் உட்பக்கம் மெல்லிய நூலை நீளமாக ஒட்டி, வெளியிலிருந்து விரலால் நீவினால் அந்த வரிகள் எழும். அடுத்த ஆண்டு அதே படை ஸ்பிட்ஃபயருக்கு மாறியது. இரண்டையும் செய்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், வண்ணத்தைப் பார்க்காமலே வேறுபாடு புரிய வேண்டும்.

கறை சொல்லும் சேதி

அழுக்குப் பூசும் முன் ஒரு வேலை பாக்கி: வெட்டிய ஓரத்தில் தெரியும் வெள்ளை. எவ்வளவு நுணுக்கமான ரிவெட் வரிசையையும் அது காட்டிக்கொடுத்துவிடும். ஒட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு ஓரத்துக்கும் நிறம் கொடுங்கள். இங்க்ஜெட் அச்சு பெரும்பாலும் ஈரம் பட்டால் கலையும். எனவே மேட் வார்னிஷை மெல்லிய படலமாகத் தெளித்து உலரவிடுங்கள். அதன்பின் பாஸ்டல் சாக்கைச் சுரண்டிய பொடியும் மென்மையான தூரிகையும் போதும். தண்ணீர் வண்ணம் தாளை நெளியவைக்கும்.

இப்போது அந்த விமானம் எப்படி வாழ்ந்தது என்று கேளுங்கள். ஸ்பிட்ஃபயரில் விமானி ஏறும் கதவு இடப்பக்கம்; ஆகவே தேய்ந்த பெயிண்ட் இடது இறக்கையின் மேற்பக்கம், உடலை ஒட்டித் தெரியும். வெள்ளிப் பென்சிலால் சில சிறு கீற்றுகள் போதும். புகைக்கறை காற்றோடு பின்னோக்கித்தான் போகும். எரிபொருள் அதிகமாகக் கலந்து எரிந்தால் கரி. சிக்கனமாக எரிந்தால் வெளிர் சாம்பல். இறக்கைத் துப்பாக்கிகளின் வாயைச் சிவப்புத் துணித் துண்டு ஒட்டி மூடியிருப்பார்கள், ஈரமும் தூசியும் புகாமல் இருக்க. சுட்டால் அது கிழிந்து, இறக்கையின் அடியில் கரிக்கோடு விழும். துணி முழுதாக இருக்கும்போதே அடியில் புதுக் கரி பூசினால் இரண்டும் ஒன்றையொன்று பொய்யாக்கிவிடும்.

1943-இல் ஸ்டானிஸ்வாவ் ஸ்கால்ஸ்கி தலைமையில் ஒரு சிறிய போலந்து விமானிக் குழு துனீசியாவில் ஸ்பிட்ஃபயர் ஓட்டியது. அந்த விமானத்துக்கு வேண்டியது பாலைவனத்தின் வெளிர் புழுதி. இங்கிலாந்தின் புல்தரையிலிருந்து எழுந்த விமானத்துக்கு வேண்டியது ஈரச் சேறு. மாதிரி ஒன்றே ஆனாலும் பொடியின் நிறம் மாறுகிறது.

இதற்கான தாளும் பசையும் பென்சிலும் பள்ளிப் பிள்ளைகளின் பைக்குள்ளேயே இருக்கின்றன. கூடுதலாக வேண்டியது, உற்றுப் பார்க்கும் பொறுமை. ஏதோ ஒரு ஸ்பிட்ஃபயர் என்று தொடங்காமல், குறிப்பிட்ட ஒரு விமானத்தை, அதன் ஒரு புகைப்படத்தைத் தேர்ந்தெடுங்கள். அதில் தெரியும் ஒவ்வொரு அடையாளத்தையும் ‘இது ஏன் இங்கே வந்தது?’ என்று கேளுங்கள். விடை கிடைத்தால் பூசுங்கள். கிடைக்காவிட்டால் அந்த இடத்தைச் சும்மா விடுங்கள்.