பெருவிடைச் சேவல்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில், தென்காசி நகரை அடுத்து அமைந்திருப்பது குத்துக்கல்வலசை என்னும் ஊர். ஆனி மாதம் பிறந்துவிட்டால், மலைக்கு அப்பாலிருந்து எழும் காற்றுச் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து, குற்றாலத்துச் சாரலை இவ்வட்டாரத்து வயல்களின்மீதும் தூவிச் செல்லும். அருவியாட வருவோர்க்கு அச்சாரல் இன்பம். கோழி வளர்ப்போர்க்கோ அது கவலை. ஈரம் மிகுந்த அந்நாள்களில் இளங்குஞ்சுகள் நோயுற்று மடிதல் எளிது. அதிலும், பெருவிடை என்று தென்னாட்டார் கூறும் கனத்த கோழியினத்தை வளர்ப்போர்க்குக் கவலை இரு மடங்காகும். அவ்வினத்துப் பேடை ஓராண்டில் இடும் முட்டைகள் நாற்பதை எட்டுவது அரிது. ஒரு சாரற்காலத்தில் குஞ்சுகளை இழந்தால், ஓராண்டின் உழைப்பே நீரோடு போயிற்று எனலாம்.

நம் வீடுகளின் முற்றத்தில் குப்பையைக் கிளறித் திரியும் சிறிய நாட்டுக்கோழியைச் சிறுவிடை என்பர். உருவிலும் எடையிலும் அதனினும் மிகப் பெரியது பெருவிடை. நூலோர் இதனை அசில் என்னும் இனத்தில் அடக்குவர். அசில் என்பது அரபுச் சொல். கலப்பற்றது, உயர்குடிப் பிறந்தது என்னும் பொருளுடையது. ஆந்திரம், ஒடிசா, சத்தீஸ்கர் ஆகிய மாநிலங்களிலும் இவ்வினம் பெயர் பெற்றது. நன்கு வளர்ந்த சேவல் நான்கு முதல் ஐந்து கிலோ வரையும், பேடை மூன்று முதல் நான்கு கிலோ வரையும் எடையுடையன.

இச்சேவலின் தோற்றத்தை ஒருமுறை கூர்ந்து நோக்குங்கள். மற்றச் சேவல்களுக்குக் கொண்டை, அரம்பத்தின் பற்களைப்போல் உயர்ந்து நிற்கும். இதற்கோ அது தலையோடு படிந்து, பட்டாணி மணிகளை வரிசையாக வைத்ததுபோல் சிறுத்திருக்கும். தாடியும் மிகச் சிறிது. முகம் நீண்டு, சிறகின்றிச் சிவந்து காணப்படும். கழுத்து நீளமானது, மார்பு அகன்றது, கால்கள் தடித்து, ஒன்றற்கொன்று விலகி, தூண்களைப்போல் ஊன்றியிருக்கும். உடலிற் சிறகுகள் குறைவு. மார்பின்மீது தோலே தெரியும். சிறகு உதிர்ந்த நோய்க்கோழியோ என்று அறியாதார் ஐயுறுவதுண்டு. ஆயினும் அது நிமிர்ந்து நடக்கும் நடையைக் கண்டபின் அவ்வையம் நில்லாது. நிறத்தையும் சாயலையும் கொண்டு காகம், கீரி, மயில், வல்லூறு, ஆந்தை எனப் பெயரிட்டு அழைக்கும் வழக்கம் நம் நாட்டில் நெடுங்காலமாக உள்ளது. அலகு கிளியின் மூக்கைப்போல் வளைந்தும், வால் விசிறியைப்போல் விரிந்தும் உள்ள வகையைக் கிளிமூக்கு விசிறிவால் என்பர். அதற்கு இன்று மதிப்பு மிகுதி.

கோழிகளின் முன்னோர் காட்டில் வாழ்ந்தவை. செந்நிறக் காட்டுக்கோழியே அவற்றின் முதன்மையான மூதாதை என்று டார்வின் 1868இல் வெளியிட்ட நூலில் எழுதினார். பின்னர் வந்த ஆராய்ச்சியும் அதனையே உறுதிப்படுத்தியது. ஆனால், கதை அத்துடன் முடியவில்லை. குற்றாலத்து மலைக்காடுகளிலும் மேற்குத் தொடர்ச்சி மலையின் பிற பகுதிகளிலும் சாம்பல் நிறக் காட்டுக்கோழி ஒன்று வாழ்கின்றது. வீட்டுக்கோழிகள் பலவற்றின் தோலும் காலும் மஞ்சளாயிருப்பதற்குக் காரணமான மரபுக்கூறு இச்சாம்பற்கோழியிடமிருந்து வந்ததென 2008இல் அறிஞர் கண்டனர். உலகெங்கும் திரியும் மஞ்சட்கால் கோழிகளுக்கு நம் தென்னாட்டுக் காட்டுப்பறவையும் ஒரு வகையில் உறவு என்பது வியப்பன்றோ!

தமிழர் சேவலை மதித்தமைக்குச் சான்றுகள் பல. சோழர் தலைநகராகிய உறையூருக்குக் கோழி என்பது மற்றொரு பெயர். யானையைச் சேவலொன்று பொருது வென்ற இடம் அது என்பது பழங்கதை. குத்துக்கல்வலசைக்கு அண்மையிலுள்ள இலஞ்சியில் கோயில் கொண்ட முருகனுக்குச் சேவலே கொடி. இவற்றினும் உறுதியான சான்று ஒன்று விழுப்புரம் மாவட்டத்து அரசலாபுரத்தில் உள்ளது. போரில் மடிந்த வீரர்க்குக் கல் நடுவது நம் முன்னோர் மரபு. அவ்வூரிலோ ஒரு சேவலுக்குக் கல் நட்டிருக்கின்றனர். சேவலின் உருவமும் எழுத்தும் பொறித்த அந்நடுகல் ஏறத்தாழ ஆயிரத்து ஐந்நூறு ஆண்டுகட்கு முந்தியது. அரசர் பலருடைய பெயரே மறைந்துபோன நாட்டில், ஒரு கோழியின் நினைவு கல்லில் நிலைத்துவிட்டது.

அசில் இனம் கடல் கடந்தும் சென்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் தென்மேற்கிலுள்ள கார்ன்வால் பகுதியில், இந்தியாவிலிருந்து கொண்டுபோன அசில் சேவல்களை வேறு இனங்களோடு கலந்து, கார்னிஷ் என்னும் புதிய இனத்தை உண்டாக்கினர். அகன்ற மார்பும் தடித்த தொடையும் அதற்கு அசில் வழங்கிய கொடை. 1948இல் அமெரிக்க நாட்டில், இறைச்சிக்குச் சிறந்த கோழி எது எனத் தேரும் பெரும்போட்டி ஒன்று நடந்தது. அதில் கார்னிஷ் இரத்தம் கலந்த கோழிகளே முதலிடம் பெற்றன. அவ்வழியில் வந்தவையே இன்று நகரத்துக் கடைகளில் தொங்கும் பிராய்லர் கோழிகள். ஆறு வாரத்தில் இரண்டு கிலோ எடையை எட்டும் அக்கோழிக்கும், முழு வளர்ச்சி பெற ஒன்றரை ஆண்டு எடுத்துக்கொள்ளும் நம் பெருவிடைக்கும் இடையே இத்தகைய உறவு இருப்பதைப் பலர் அறியார்.

இனி, வளர்க்கும் முறையைக் காண்போம். முதலில் வேண்டுவது வித்துச் சேவலைத் தேர்தல். எடை மிகுதியாயிருத்தல் மட்டும் போதாது. கால் நேராக உள்ளதா, விரல்கள் வளையாமல் நிலத்திற் பதிகின்றனவா, மார்பெலும்பு கோணாமல் இருக்கின்றதா, கண் தெளிவாக உள்ளதா என்பவற்றையும் நோக்கவேண்டும். ஒரு சேவலுக்கு ஐந்தாறு பேடைகளே அளவு. கனத்த சேவல் ஏறுவதால் பேடையின் முதுகு கீறுப்படும். ஆதலின் சேவலின் கால்முள்ளை அவ்வப்போது நுனி மழுக்கி விடுதல் நலம்.

தூய இனத்தைக் காப்பதில் இரண்டு இடர்கள் உள்ளன. அவை ஒன்றற்கொன்று எதிரானவை. விரைந்து எடை கூட வேண்டும் என்னும் ஆசையால் பிற இனங்களோடு கலந்துவிடுவது ஓர் இடர். இரண்டு தலைமுறைக்குள் கொண்டை உயர்ந்துவிடும், எலும்பு இளகிவிடும், அடைகாக்கும் குணமும் குறையும். கலப்புக்கு அஞ்சி, ஒரே வீட்டுக் கோழிகளுக்குள் உடன்பிறந்தவற்றையே மீண்டும் மீண்டும் சேர்ப்பது மற்றோர் இடர். அவ்வாறு செய்தால் முட்டையிற் கரு நில்லாது; பொரித்த குஞ்சும் வலிமையற்றுப் போகும். என் கருத்தில் இவ்விரண்டாவதே கொடிது. ஏனெனில் தூய்மையைக் காக்கிறோம் என்னும் நம்பிக்கையோடு அது நிகழ்கின்றது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையேனும் வேற்றூரில் அதே இனம் வளர்ப்போரோடு சேவலை மாற்றிக்கொள்வதும், எக்குஞ்சு எச்சேவலுக்குப் பிறந்தது எனக் காலில் வளையமிட்டு ஏட்டில் எழுதிவைப்பதும் இதற்கு மருந்து.

பெருவிடைப் பேடை முட்டை இடுவதிற் கருமி, அடைகாப்பதிலோ வள்ளல். உணவையும் மறந்து இருபத்தொரு நாளும் அமர்ந்திருக்கும். ஆனால் அதன் உடற்கனத்தால் முட்டைகள் உடைவதுண்டு. இதனை அறிந்த பெரியோர், பெருவிடையின் முட்டைகளைச் சிறுவிடைப் பேடையின் வயிற்றுக்கீழ் வைப்பர். அகன்ற கூடையில் உமியோ மணலோ பரப்பி, வைக்கோல் இட்டு, பேடையின் உடல் மூடும் அளவுக்கே முட்டைகளை வைக்கவேண்டும். ஏழாம் நாள் இருளில் விளக்கொளியின்முன் பிடித்துப் பார்த்தால், கருவுற்ற முட்டையில் சிலந்தி வலைபோல் செந்நரம்புகள் ஓடுவது தெரியும், தெளிந்திருப்பவற்றை நீக்கிவிடலாம்.

எப்போது அடைவைப்பது என்பதில்தான் தென்காசி வட்டாரத்தார் விழிப்பாயிருத்தல் வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழை. ஆனி, ஆடியில் சாரல். இவ்விரண்டிற்கும் நடுவே தை முதல் வைகாசி வரை நிலம் காய்ந்திருக்கும். மார்கழியில் அடைவைத்தால் தையிற் குஞ்சு பொரிக்கும். சாரல் தொடங்குமுன் அவை ஐந்து மாதம் வளர்ந்து ஈரத்தைத் தாங்கும் வலிமை பெற்றுவிடும். சித்திரையில் பொரித்த குஞ்சுகளுக்கோ, இளமை நீங்கு முன்னரே சாரல் வந்து சேரும். ஈரத் தரையில் இரத்தக்கழிச்சலை உண்டாக்கும் நுண்ணுயிர் பெருகும். கொட்டிலிற் பரப்பிய உமியைக் கையிற் பிடித்துப் பாருங்கள். உருண்டையாகத் திரண்டால் ஈரம் மிகுதி, உடனே மாற்றவேண்டும்.

குஞ்சுகளுக்கு முதல் எட்டு வாரம் புரதம் மிக்க உணவு வேண்டும். கம்பங்குருணை, உடைத்த சோளம், கடலைப்பிண்ணாக்கு ஆகியவற்றோடு கரையானும் தருவர். கரையான் பிடிக்கும் முறை எளிது. உடைந்த பழம்பானையில் காய்ந்த சாணம், கந்தற்சாக்கு, ஓலைத்துண்டு ஆகியவற்றை இட்டு நீர் தெளித்து, மாலையில் புற்றுள்ள இடத்தில் கவிழ்த்து வைப்பர். விடியுமுன் எடுத்தால் பானை நிறையக் கரையான் மொய்த்திருக்கும். குஞ்சுகள் அதனைக் கண்டு ஓடிவரும் வேகத்தைப் பார்த்தோர், விலைகொடுத்து வாங்கிய தீவனத்துக்கு அவ்வளவு வரவேற்பு இல்லை என்பதை ஒப்புவர். வளர்ந்தபின் தானியமும் முருங்கைக்கீரையும் போதும். பேடைக்கு மிகுதியாக இரையிட்டால் வயிற்றிற் கொழுப்பேறி, உள்ள முட்டையும் நின்றுவிடும்.

நான்கு மாதத்திற்குள் சேவற்குஞ்சுகள் ஒன்றையொன்று கொத்தத் தொடங்கும். அப்போதே அவற்றைப் பிரித்துத் தனித்தனிப் பஞ்சாரத்தில் அடைப்பர். பகலில் தனியே மேயவிடாமல் எந்நேரமும் அடைத்துவைத்தால் கால் வலுவிழக்கும். இரவிலே தங்கும் கட்டை தாழ்வாகவும் அகலமாகவும் இருத்தல் வேண்டும்; உயரத்திலிருந்து குதித்தால் உடற்பாரம் முழுவதும் உள்ளங்காலில் இறங்கி, அங்கே புண் கட்டிவிடும்.

எல்லாவற்றினும் அஞ்சத்தக்கது இராணிக்கேத் நோய். இமயமலைச் சாரலிலுள்ள ஓர் ஊரின் பெயர் அது. 1927இல் இந்நோய் அவ்வூரிற் கண்டறியப்பட்டமையால் அப்பெயர் பெற்றது. சிற்றூர்களில் இதனை வெள்ளைக்கழிச்சல் என்பர். கோழி வாய்திறந்து மூச்சு வாங்கும், பசுமை கலந்த வெண்கழிச்சல் உண்டாகும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். வந்தபின் மருந்தில்லை, சில நாளில் கொட்டிலே வெறுமையாகும். குஞ்சு பிறந்த ஏழாம் நாள் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு மருந்தும், எட்டாம் வாரத்தில் இறக்கையின் தோலுக்கடியில் ஊசியும் இட்டால் தடுக்கலாம். இம்மருந்துகளைப் பனிக்கட்டியிட்ட குடுவையிலே கொண்டுவருதல் வேண்டும்; வெயிலிற் பட்ட மருந்து வெறுநீருக்கு ஒப்பாகும். மஞ்சளும் சின்ன வெங்காயமும் சீரகமும் அரைத்துக் கொடுக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. அது நல்ல உணவு. ஆயினும் தடுப்பூசியின் இடத்தை அது நிரப்பாது. கால்நடை மருந்தகங்களில் இவ்வூசி கிடைக்கின்றது. நெல்லையை அடுத்த இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி ஒன்றும் 2012 முதல் இயங்கிவருகின்றது.

பெருவிடையைப் பண்டையோர் பெரும்பாலும் போருக்காகவே பேணினர். விலங்குகளையும் பறவைகளையும் ஒன்றோடொன்று பொரவிட்டு வேடிக்கை காண்பதை 1960ஆம் ஆண்டின் மிருகவதைத் தடுப்புச் சட்டம் குற்றமாக்கியது. கத்தி கட்டிய காலால் சேவல்கள் மடிவதைக் கண்டோர் அச்சட்டத்தின் நியாயத்தை மறுக்கமாட்டார். அப்படியாயின், போரில்லாத காலத்தில் இவ்வினம் எதற்கு என்னும் வினா எழும். இதற்கு விடை இப்போது பல இடங்களிலிருந்து வருகின்றது. இசத்நகரிலுள்ள நடுவண் பறவை ஆராய்ச்சி நிலையத்தார் அசிலின் இரத்தத்தைக் கலந்து, நிர்பீக் என்னும் வீட்டுமுற்றக் கோழியை உருவாக்கியுள்ளனர். அச்சொல்லுக்கு அஞ்சாதது என்பது பொருள். நம் மாநிலத்தில் திண்டுக்கல் முதலிய ஊர்களில் கிளிமூக்கு விசிறிவால் சேவல்களுக்குக் கண்காட்சிகள் நடைபெறுகின்றன. அங்கே சேவல்கள் பொருவதில்லை. மேடைமீது ஒவ்வொன்றாக நிற்கின்றன. நடுவர்கள் அலகின் வளைவையும் வாலின் விரிவையும் காலின் நேர்மையையும் நோக்கி மதிப்பெண் இடுகின்றனர். தையிற் பொரித்துச் சாரலைத் தாண்டி வளர்ந்த ஒரு சேவல் அம்மேடை ஏற, அடுத்த சாரலையும் அது கடக்கவேண்டும்.