ஏறும்போது விடுதலை, இறங்கும்போது பூட்டு! - ஒரே ஸ்கீயில் இரண்டு பைண்டிங்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில், கல்வராயன் மலையில் இருக்கிறது வெள்ளிமலை. பெயரில்தான் வெள்ளி. மார்கழி விடியலில் புல்நுனியில் நிற்கும் பனித்துளியைத் தாண்டி இங்கே வெண்பனியைப் பார்க்க முடியாது. தமிழில் வெள்ளிமலை என்பது கயிலாயத்துக்கும் பெயர். பனி மூடி, வெயில் பட்டால் வெள்ளியாக மின்னும் மலை அது.

சாமையும் தினையும் விளையும் இந்த வெள்ளிமலையில் நடப்பவர்களுக்கும், இமயத்தின் வெள்ளிமலைகளில் சறுக்குபவர்களுக்கும் ஒரு விஷயம் பொது. ஏற்றத்தில் கால் செய்யும் வேலை வேறு, இறக்கத்தில் செய்யும் வேலை வேறு. ஏறும்போது ஒவ்வோர் அடிக்கும் குதிகால் மேலே எழும்பும். பின்வார் இல்லாத ஹவாய் செருப்பே அதற்குப் போதும். அதே செருப்போடு சரிவில் வேகமாக இறங்கினால், கால் ஒரு பக்கம், செருப்பு ஒரு பக்கம் போய்விடும்.

பனிமலையில் இந்தச் சின்ன வித்தியாசம் காலையே உடைக்கும். அதனால்தான் பனிச்சறுக்கில் ஏறுவதற்கு ஒரு பிடிமானம், இறங்குவதற்கு ஒரு பிடிமானம் என்று இரண்டு உண்டு. அந்த இரண்டையும் ஒரே ஜோடிப் பலகையில் மாற்றி மாற்றிப் பொருத்தும் வழியும் இருக்கிறது.

பைண்டிங் என்றால் என்ன?

பனிச்சறுக்குக்குக் காலில் மாட்டும் நீளமான பலகைதான் ஸ்கீ. அதற்கென்றே செய்த கெட்டியான பூட்ஸை ஸ்கீயோடு பிணைக்கும் கருவிக்குப் பெயர் பைண்டிங். கால்விரல் பக்கம் ஒரு துண்டு, குதிகால் பக்கம் ஒரு துண்டு.

இதில் முதல் வகை, ஆல்பைன் பைண்டிங். ரோப் கார் அல்லது லிஃப்ட்டில் மேலே போய், சறுக்கிக்கொண்டு கீழே வருபவர்களுக்கானது. முன்னாலும் பின்னாலும் பூட்ஸை இறுக்கிப் பிடிக்கும். ஆனால் விழும்போது முறுக்கு ஓர் அளவைத் தாண்டினால், முன்துண்டு பக்கவாட்டிலும் பின்துண்டு மேல்நோக்கியும் திறந்து காலை விடுவித்துவிடும்.

இரண்டாவது, டூரிங் பைண்டிங். சொந்தக் காலால் மலையேறுபவர்களுக்கானது. ஏறும்போது விரல் பக்கம் மட்டும் பிடித்திருக்கும், குதிகால் சுதந்திரமாக எழும்பும். ஸ்கீயின் அடியில் ‘ஸ்கின்’ என்ற பட்டையை ஒட்டிக்கொள்வார்கள். ஒரு காலத்தில் சீல் என்ற கடல் விலங்கின் தோலில் செய்தார்கள். இப்போது அங்கோரா ஆட்டு ரோமம் அல்லது நைலான். அதன் இழைகள் முன்பக்கம் வழுக்கும், பின்பக்கம் பனியைக் கவ்விக்கொள்ளும். உச்சிக்குப் போனதும் பட்டையை உரித்துப் பைக்குள் வைத்துவிட்டு, குதிகாலைப் பூட்டிக்கொண்டு இறங்க வேண்டியதுதான்.

குல்மார்க் கேட்கும் இரண்டு கால்கள்

இந்தியாவில் இந்த இரண்டும் ஒரே இடத்தில் தேவைப்படும் ஊர், காஷ்மீரின் குல்மார்க். சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கும் இங்கே, பிரிட்டிஷார் 1927-ல் பனிச்சறுக்குச் சங்கம் தொடங்கினார்கள். ராணுவத்தின் உயர்மலைப் போர்ப் பயிற்சிப் பள்ளியும் இங்கேதான். 2022 பெய்ஜிங் குளிர்கால ஒலிம்பிக்கில் இந்தியாவின் ஒரே வீரராகக் களமிறங்கி, ஜயன்ட் ஸ்லாலம் பிரிவில் 45-வது இடம் பிடித்த ஆரிஃப் கான் சறுக்கிப் பழகியதும் இந்தச் சரிவுகளில்தான். அவருடைய அப்பா குல்மார்க்கில் பனிச்சறுக்குச் சாதனக் கடை நடத்தியவர்.

1998-ல் திறக்கப்பட்ட கொண்டோலா ரோப் கார் முதலில் கோங்டூரி வரை சென்றது. 2005-ல் இரண்டாம் கட்டம் அஃபர்வத் மலையில் சுமார் 3,950 மீட்டர் உயரத்துக்கு நீண்டது. ரோப் கார் ஓடும் நாளில் ஆல்பைன் பைண்டிங் போதும். பலத்த காற்றடித்தாலோ பனி கொட்டினாலோ மேல்கட்டம் நின்றுவிடும். ரோப் கார் எட்டாத முகடுகளும் பக்கத்திலேயே உண்டு. அங்கே சொந்தக் கால்தான் வாகனம்.

ஆல்பைன் பைண்டிங் ஜோடி பொதுவாக 2 கிலோவைத் தாண்டும். இலகுவான டூரிங் ஜோடி ஒரு கிலோவைக்கூடத் தொடாது. ஆயிரக்கணக்கான அடிகள் ஏறும்போது கூடுதல் கிலோவின் அருமை தொடைக்குத் தெரியும். ‘அப்படியானால் எப்போதும் இலகுவானதையே மாட்டிக்கொள்ளலாமே’ என்று தோன்றும். வேகமாக இறங்கும்போது காலைச் சீராகப் பிடிப்பதிலும், விழும்போது சரியான நொடியில் விடுவதிலும் ஆல்பைன் பைண்டிங்கே நம்பகமானது. எடைக்கும் பாதுகாப்புக்கும் நடுவில் நடக்கும் பேரம் இது.

மெட்ராஸ் தளபதியின் பெயரில் வந்த கம்பி

இந்தப் பேரம் பழையது. 1881 முதல் 1885 வரை மெட்ராஸ் ராணுவத்தின் தலைமைத் தளபதியாக இருந்தவர் ஃபிரெடரிக் ராபர்ட்ஸ். ஆப்கன் போரில் வென்றதால், பின்னாளில் ‘கந்தஹார் ராபர்ட்ஸ் பிரபு’ ஆனார். அவர் பெயரிலான கோப்பைக்காக 1911-ல் சுவிட்சர்லாந்தில் ஒரு பனிச்சறுக்குப் பந்தயம் நடந்தது. ‘கந்தஹார்’ என்ற பெயர் பனிச்சறுக்கு உலகில் அப்படி ஒட்டிக்கொண்டது.

பிறகு, சுவிஸ்காரரான கீடோ ரூஜ் ஒரு கம்பி பைண்டிங்கை உருவாக்கியபோது அதற்கும் கந்தஹார் என்றே பெயர் வைத்தார். குதிகாலைச் சுற்றி வரும் கம்பியை ஸ்கீயின் பக்கவாட்டுக் கொக்கிகளில் மாட்டினால், குதிகால் கீழே அழுந்திக்கொள்ளும். கொக்கியிலிருந்து எடுத்துவிட்டால் எழும்பும். ஒரே ஸ்கீயில் ஏற்றம், இறக்கம் இரண்டும் கிடைத்தன.

ஆனால், விழும்போது அந்தக் கம்பி காலை விடாது. 1937-ல் கால் உடைந்து மருத்துவமனையில் கிடந்த யால்மர் வாம் என்ற நார்வே-அமெரிக்க வீரர், அங்கேயே யோசித்து வடிவமைத்ததுதான் தானாக விடுவிக்கும் பைண்டிங்.

1980-களில் ஆஸ்திரியாவின் ஃபிரிட்ஸ் பார்டல், பூட்ஸின் முனையில் இரு பக்கமும் சிறு எஃகுக் குழிகள் வைத்து, அவற்றை இரண்டு ஊசிகளால் கவ்விப் பிடிக்கும் முறையைக் கண்டுபிடித்தார். இன்றைய இலகுரக ‘பின்’ பைண்டிங்குகள் எல்லாம் அதன் வாரிசுகள்.

தீக்குச்சி வைத்தியம் செல்லாது

சரி, இரண்டையும் ஒரே ஸ்கீயில் எப்படிப் பொருத்துவது?

கதவுக் கீலின் ஸ்க்ரூவை இரண்டு, மூன்று முறை கழற்றி மாட்டினால் மரத்தில் ஓட்டை லூஸாகிவிடும். ஆசாரி அதில் தீக்குச்சியைச் செருகி முடுக்குவார். கதவுக்கு அது சரி. மலைச்சரிவில் உடல் எடை முழுவதையும் தாங்கும் ஸ்கீயில் அது நடக்காது.

இதற்கான தீர்வு, உள்ளேயும் வெளியேயும் மரை வெட்டிய சிறு எஃகுக் குழல். ‘இன்சர்ட்’ என்பார்கள். வழக்கத்தைவிடப் பெரிய துளை போட்டு, மரை வெட்டி, எபாக்ஸி பசை தடவி இந்தக் குழலை ஸ்கீக்குள் நிரந்தரமாக இறக்கிவிடுவார்கள். அதன் பிறகு போல்ட் கழன்று மாட்டுவதெல்லாம் எஃகுக்கும் எஃகுக்கும் நடுவில்தான். ஸ்கீயின் உட்பகுதிக்கு அலைச்சல் இல்லை. பிரித்து மாட்டும் கட்டிலில் இருக்கும் அதே உத்திதான்.

ஒரு பைண்டிங்குக்கு ஏறக்குறைய எட்டு ஸ்க்ரூ. இரண்டு வகைக்கும் சேர்த்தால் ஒரு ஸ்கீக்குப் பதினாறு துளைகள். இங்கேதான் கணக்கு முக்கியம். துளைகள் நெருங்கினால் பலகை பலவீனமாகும். மையத்துக்கு மையம் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பொதுவான கணக்கு. துளை அதிக ஆழம் போனால் அடிப்பகுதி புடைத்துவிடும். எந்த பைண்டிங்கை மாட்டினாலும் பூட்ஸின் நடுக்கோடு ஸ்கீயில் குறித்த இடத்திலேயே நிற்க வேண்டும். முதலில் காகிதத்தில் இரண்டு அச்சுகளையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்த்துவிட்டுத்தான் ட்ரில்லிங் மெஷினைத் தொடுவார்கள். அனுபவம் இல்லாதவர்கள் கடையில் கொடுத்துவிடுவதே நல்லது.

இதில் ஒரு வரம்பும் உண்டு. மலையுச்சியில் ஸ்க்ரூ டிரைவரோடு உட்கார்ந்து மாற்ற முடியாது. இன்று ரோப் காரா, நடையா என்று காலையில் அறையிலேயே முடிவு செய்தாக வேண்டும். ஒரே நாளில் இரண்டும் வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 2018-ல் வந்த சாலமன் ‘ஷிஃப்ட்’, ஏறும்போது பின் பைண்டிங்காகவும் இறங்கும்போது ஆல்பைனாகவும் மாறும். அமெரிக்காவின் ‘காஸ்ட்’ முறையில் முன்துண்டை மட்டும் மாற்றி, மற்றதைப் பையில் சுமப்பார்கள். இரண்டுமே சுத்தமான டூரிங் பைண்டிங்கைவிட எடை அதிகம்.

மாற்றியதும் பார்க்க வேண்டியவை

பைண்டிங் எவ்வளவு முறுக்கில் காலை விட வேண்டும் என்பதற்கு ஓர் எண் உண்டு. ‘டின்’ என்பார்கள். எடை, உயரம், வயது, பூட்ஸ் அடியின் நீளம், சறுக்கும் வேகம், இவற்றைக் கொண்டு கணக்கிடுவது அது. எண் அதிகமாக இருந்தால் விழும்போது கால் மாட்டிக்கொள்ளும். குறைவாக இருந்தால் சறுக்கும்போதே கழன்றுவிடும். 50 வயதைத் தொட்டவர்களுக்கு ஒரு படி குறைத்து வைப்பது முறை.

* பூட்ஸ் பொருந்துகிறதா? பின் பைண்டிங்குக்கு எஃகுக் குழி உள்ள பூட்ஸ் கட்டாயம். வளைந்த ரப்பர் அடியுள்ள டூரிங் பூட்ஸை, அதை ஏற்காத ஆல்பைன் பைண்டிங்கில் மாட்டினால், விழும்போது உராய்வினால் கால் விடுபடாமல் போகலாம்.
* பூட்ஸை மாற்றினால் அடியின் நீளமும் மாறும். குதிகால் துண்டை மறுபடியும் நகர்த்திச் சரிசெய்ய வேண்டும்.
* ஸ்க்ரூக்களுக்கு மரைப்பசை போட்டார்களா? அதிர்வில் மரை கழன்றால் நடுச்சரிவில் பைண்டிங்கே கையோடு வந்துவிடும்.
* டின் எண்ணை மட்டும் நம்பாமல், நல்ல கடையில் இயந்திரத்தில் வைத்து உண்மையான விடுவிப்பு அளவைச் சோதிப்பது உத்தமம்.
* ஏறும்போது முன்துண்டைப் பூட்டிவைப்பார்கள். இறங்கும் முன் அதை எடுக்க மறந்தால் பைண்டிங் திறக்காது.

எல்லாம் சரியாக இருந்தாலும் பைண்டிங் மந்திரக்கயிறு அல்ல. அது முக்கியமாகக் காப்பது முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பை. முழங்கால் தசைநார் கிழிவதை முழுமையாகத் தடுக்காது. பனிச்சரிவை எந்தக் கருவியாலும் தடுக்க முடியாது. குல்மார்க்கில் 2010 பிப்ரவரியில் பனிச்சரிவு 17 ராணுவ வீரர்களைப் பலிகொண்டது. 2023, 2024 பிப்ரவரி மாதங்களில் வெளிநாட்டுச் சறுக்கு வீரர்கள் இறந்ததும் அஃபர்வத் சரிவுகளில்தான். சொந்தக் காலில் ஏறும் சுதந்திரம், காவலர்கள் கண்காணிக்காத சரிவுக்கும் கொண்டுபோகும். அங்கே உள்ளூர் வழிகாட்டி, பனிச்சரிவு எச்சரிக்கை, தேடல் கருவி மூன்றும் இல்லாமல் போகக் கூடாது.

வாடகைக்கு எடுக்கிறீர்களா?

குல்மார்க்குக்கோ ஔலிக்கோ குடும்பத்தோடு போகிறவர்கள் துளை போட வேண்டியதில்லை, வாடகை ஸ்கீ போதும். ஆனால், கடைக்காரர் எடை கேட்டால் கூச்சப்பட்டுக் குறைத்துச் சொல்ல வேண்டாம். வயதையும் மறைக்க வேண்டாம். முதல்முறை சறுக்குபவர் ‘ஓரளவு தெரியும்’ என்று கெத்து காட்டவும் வேண்டாம். ஒன்றுமே கேட்காமல் ஸ்கீயை நீட்டும் கடையாக இருந்தால், “என் எடைக்கு டின் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்?” என்று நீங்களே கேளுங்கள். பதில் வராவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.