மலை தரும் யூனிட், மோட்டார் தின்னும் யூனிட்

கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து குமுளிக்கு மலைச்சாலையில் ஏறுகிறவர்களின் கண்ணில் அந்த ராட்சதக் குழாய்கள் படாமல் இருக்காது. ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் 1895இல் கட்டி முடித்த பெரியாறு அணையின் தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்து, அந்தக் குழாய்களில் 1000 அடிக்கும் மேல் இறங்கி, லோயர் கேம்ப் மின்நிலையத்தின் டர்பைன்களைச் சுழலவைக்கிறது. பிறகு அதே தண்ணீர் வைகை அணையில் சேர்ந்து, மேலூர் வயல்களுக்கும் மதுரை வீடுகளுக்கும் பிரிகிறது. மதுரைக்காரர் குடிக்கும் தண்ணீர், வரும் வழியிலேயே மின்சாரம் கொடுத்துவிட்டுத்தான் வருகிறது.

கணக்குப் போட்டுப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். 1000 லிட்டர் தண்ணீர் 1000 அடி இறங்கினால், சேதாரம் போக ஏறக்குறைய முக்கால் யூனிட் கிடைக்கும். அதே 1000 லிட்டரை 500 அடி ஆழத்திலிருந்து சுமாரான மோட்டார் ஒன்று மேலே ஏற்றினால், செலவும் ஏறக்குறைய முக்கால் யூனிட்தான். மலை கொடுத்தது அடுக்குமாடி வீட்டு போர்வெல்லில் தீர்ந்துபோகிறது. லாரித் தண்ணீரானால் டீசல் செலவு தனி.

நிலத்தடி நீர் இவ்வளவு கீழே போனதற்குக் கண்மாய்கள் போனதும் ஒரு காரணம். உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2004இல் திறக்கப்பட்டது உலகனேரிக் கண்மாய் இருந்த இடத்தில். ஆக்கிரமிப்பு வழக்குகளை விசாரிக்கும் மன்றத்துக்கே இப்படியொரு முகவரி!

இந்த நிலையை மாற்ற முடியும் என்பதற்கும் மதுரையிலேயே சான்று இருக்கிறது. திருமலை நாயக்கர் வெட்டிய வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் பல ஆண்டுகள் பையன்களின் கிரிக்கெட் மைதானமாகக் கிடந்தது. தெப்பத் திருவிழாவுக்கு மட்டும் மோட்டார் வைத்து நிரப்புவார்கள். பனையூர்க் கால்வாயைச் சீரமைத்த பிறகு, வைகையில் தண்ணீர் ஓடும்போது அது தானாகவே குளத்துக்கு வந்துவிடுகிறது. ஒரு யூனிட்கூடச் செலவில்லை.

தண்ணீரை இறைப்பது ஒரு செலவு என்றால், அது ஆவியாகிப் போவது இன்னொரு இழப்பு. 2017 ஏப்ரலில் அப்போதைய தமிழக அமைச்சர் செல்லூர் ராஜு, ஆவியாதலைத் தடுக்க வைகை அணையில் தெர்மாகோல் மிதக்கவிட்டார். காற்று அவற்றைக் கரையில் ஒதுக்கியது, ஊரே சிரித்தது. சிரிப்பில், ஆவியாதலை எப்படித் தடுப்பது என்ற நல்ல கேள்வி அடிபட்டுப்போனது. லாஸ் ஏஞ்சலீஸ் 2015இல் தன் நீர்த்தேக்கம் ஒன்றில் கோடிக்கணக்கான கறுப்புப் பந்துகளை மிதக்கவிட்டது. குஜராத் 2012இல் நர்மதைக் கால்வாய்மேல் சோலார் தகடுகளைக் கூரையாகப் போட்டது. தூத்துக்குடியில் 2022இல் மிதவை சோலார் நிலையம் வந்தது. தகடு நிழலும் தரும், மின்சாரமும் தரும். தெர்மாகோலுக்கு அந்த இரண்டாவது வேலை தெரியாது.

ஆனால் சோலாரை வயல் பம்புசெட்டில் மாட்டுவது வேறு விஷயம். வெயில் இருக்கும்வரை மோட்டாரை நிறுத்த விவசாயிக்குக் காரணமே இருக்காது. குஜராத்தின் துண்டி கிராம விவசாயிகள் 2016இல் கூட்டுறவுச் சங்கம் அமைத்து, மிச்ச மின்சாரத்தை மின்வாரியத்துக்கு விற்கத் தொடங்கினார்கள். தண்ணீர் இறைக்காத நேரத்துக்கும் அங்கே காசு உண்டு. மதுரைச் சமவெளியில் அப்படிச் செய்ய முதலில் மீட்டர் வேண்டும். தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு 1990 முதல் மின்சாரம் இலவசம். மீட்டர் என்றாலே அந்த இலவசத்துக்கு வேட்டு என்று விவசாயிகள் அஞ்சுகிறார்கள்.