படம் பார்த்துப் படித்தவை

சித்திரக்கதை என்றதும் எம்மில் பலருக்கு இரும்புக்கை மாயாவிதான் நினைவுக்கு வருவார். 1972இல் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதற் கதையே அவருடையதுதான். அவற்றைப் பாடப் புத்தகத்துக்குள் ஒளித்து வைத்துப் படித்தவர்கள் நாம். “படம் பார்த்துக் கொண்டிருந்தால் படிப்பு வருமா?” என்று அன்று பெற்றோர் ஏசினார்கள். இன்று ஜேர்மனியில் அதே கேள்வியை எமது பிள்ளைகளிடம் நாம் கேட்கின்றோம். அண்மையில் படித்த நான்கு சித்திரக்கதைகள் இக்கேள்விக்கு நல்ல பதில் தருகின்றன.

முதலாவது, ‘ஃபாட்டர் உண்ட் ஸோன்’, அதாவது ‘தந்தையும் மகனும்’. டொச் ஒரு சொல்லும் தெரியாதவர்கள்கூட இதைப் படிக்கலாம். தலைப்பைத் தவிர எல்லாம் பெரும்பாலும் படங்களே. மொட்டைத் தலையும் பெரிய மீசையும் கொண்ட தகப்பன், குறும்புக்கார மகன். இதனை வரைந்த எரிக் ஓசர், நாசிகளைக் கேலி செய்து கருத்துப்படம் வரைந்தமையால் தொழில் செய்யத் தடை விதிக்கப்பட்டவர். அதனால் 1934 முதல் 1937 வரை ‘ஈ.ஓ. பிளவன்’ என்ற புனைபெயரில் வரைந்தார். எமது எழுத்தாளர்கள் ஊர்ப் பெயரைத் தம் பெயருடன் சேர்ப்பதுபோல, அவரும் தாம் வளர்ந்த பிளவன் நகரைச் சேர்த்துக் கொண்டார். 1944இல் கைது செய்யப்பட்டு, வழக்கு விசாரணைக்கு முன்பே சிறையில் உயிரை மாய்த்துக் கொண்டார். இவ்வளவு கொடுமைக்குள் வாழ்ந்தவர் இத்தனை சிரிப்பைத் தந்திருக்கின்றார்.

இரண்டாவது, பிள்ளைகள் விரும்பும் டொனால்ட் வாத்து. 1951இல் ஜேர்மனியில் ‘மிக்கி மௌஸ்’ இதழ் தொடங்கியபோது அதன் ஆசிரியராக வந்தவர் எரிக்கா ஃபுக்ஸ் அம்மையார். அமெரிக்கக் கதைகளை அவர் சொல்லுக்குச் சொல் மொழிபெயர்க்கவில்லை. டொச் மக்கள் கதைப்பதற்கேற்ப எழுதினார். ‘ஸொய்ஃப்ட்ஸன்’ என்றால் பெருமூச்சு விடுதல். அதன் வாலை வெட்டி ‘ஸொய்ஃப்ட்ஸ்’ என்று மட்டும் வாத்தின் தலைக்கு மேல் போட்டார். ‘பார்’, ‘போ’ என்று எமது தமிழில் வினையடி தனித்து நிற்பதைப் போன்றதே இது. வினைச்சொற்களின் அடியைப் பிடித்துக்கொள்ளப் பெற்றோருக்கும் இது நல்ல வழி. அவர் நினைவாக 2015இல் ஸ்வார்ட்ஸன்பாக் என்ற சிற்றூரில் ஒரு நூதனசாலையே திறக்கப்பட்டது.

மூன்றாவது பெரியவர்களுக்கானது. பிர்கிட் வைஹ 2016இல் வெளியிட்ட ‘மட்ஜெர்மேன்ஸ்’. 1979 முதல் மொசாம்பிக் நாட்டிலிருந்து ஏறத்தாழ 20,000 பேர் அன்றைய கிழக்கு ஜேர்மனிக்கு ஒப்பந்தத் தொழிலாளராக வந்தனர். ஊர் திரும்பியதும் தருவதாகச் சொல்லிச் சம்பளத்தில் ஒரு பகுதி பிடித்து வைக்கப்பட்டது. பெரும்பாலானோருக்கு அது கிடைக்கவேயில்லை. அங்கும் அந்நியர், இங்கும் அந்நியர் என்ற அவர்களது நிலையைப் படிக்கையில், எமது கதையை வேறு முகங்களில் பார்ப்பதுபோல் இருந்தது.

நான்காவது எமது கதையேதான். 2019இல் ஆங்கிலத்தில் வந்த ‘வன்னி’. எழுதியவர் பெஞ்சமின் டிக்ஸ். வரைந்தவர் லின்ட்சே பொலொக். டிக்ஸ் 2008இல் ஐக்கிய நாடுகள் சபை கிளிநொச்சியை விட்டு வெளியேறும் வரை அங்கு பணியாற்றியவர். 2004 ஆழிப்பேரலை தொடங்கி 2009 முள்ளிவாய்க்கால் வரை ஒரு குடும்பம் படும் பாடு இது. குடும்பம் கற்பனை; ஆனால் உயிர் தப்பியோரின் வாக்குமூலங்களிலிருந்து பிறந்தது. பதுங்குகுழிப் பக்கங்களை எம்மால் ஒரே மூச்சில் படிக்க முடியவில்லை. மூடி வைத்துவிட்டு மறுநாள்தான் தொடர்ந்தோம்.

எமது வீடுகளில் பலர் நடந்ததைச் சொல்வதில்லை. சொல்ல முயன்றாலும் பெற்றோரின் தமிழ் பிள்ளைக்கு முழுதாக விளங்குவதில்லை, பிள்ளையின் டொச் பெற்றோருக்கு விளங்குவதில்லை. அந்த இடைவெளியில் ஒரு படம் உதவும். “இது என்ன அப்பா?” என்று பிள்ளை ஒரு பக்கத்தைக் காட்டிக் கேட்டால், அங்கிருந்து கதைக்கத் தொடங்கலாம். ஆனால் ‘வன்னி’யைச் சிறு பிள்ளைகளிடம் கொடுக்க வேண்டாம்; வளர்ந்தவர்களுடன் பக்கத்தில் இருந்து படியுங்கள்.

பெரும்பாலான நகர நூலகங்களில் சித்திரக்கதைகளுக்குத் தனி அடுக்கு உண்டு. பல நகரங்களில் சிறுவர்களுக்கு அட்டை இலவசம். வரும் சனிக்கிழமை பிள்ளைகளுடன் ஒரு தடவை போய்ப் பாருங்கள். அவர்கள் உங்களுக்கு டொச் வாசிக்கட்டும். நீங்கள் அதே படத்துக்குத் தமிழில் கதை சொல்லுங்கள்.