விளக்கேற்றிய கை



புதுவை நகருக்கு வடக்கே, கடலை ஒட்டி இருக்கிறது பிள்ளைச்சாவடி. மீனவர் வாழும் ஊர். கடல் சோறு போட்ட ஊர். அந்தக் கடலே கரையை அரித்து வீடுகளை விழுங்கிய ஊர். இத்தகைய ஊரில் குடும்பத்தின் தூண் யார் என்று கேட்டால், வலை வீசும் ஆடவனைக் காட்டுவார்கள். நாமோ அவன் தாயைக் காட்டுவோம். மகன் கொண்டுவந்த மீனைக் கூடையில் சுமந்து காசாக்கியவள் அவள். மீன் படாத நாளிலும் அடுப்பெரிய வழி தேடியவள் அவள். புயல் நாளில், பிள்ளை கரை திரும்பும் வரை அம்மனை வேண்டிக்கொண்டு கண்விழித்திருந்தவளும் அவளே!

அவள் மகன் இயக்கத்துக்கு வருகிறான். கொடி பிடிக்கிறான், கூட்டம் கேட்கிறான், கோவில் எதற்கு என்று வினா எழுப்புகிறான். வீட்டிலோ அம்மா விளக்கேற்றுகிறாள். ஒருநாள் அவள் கண்மூடுகிறாள். அவளை அவன் எப்படி நினைப்பது? பக்தியை மறைத்துப் புகழ்வதா? 'பக்தைதானே' என்று மறந்துவிடுவதா? நம் தோழர்கள் பலருடைய வீட்டுக் கேள்வி இது.

விடை தேடி ஈரோட்டுக்குப் போவோம், வாருங்கள். நாத்திகத்தை நாடெங்கும் முழங்கிய பெரியார் ஈ.வெ.ரா.வின் வீட்டில், பக்தியே உருவான தாய் ஒருவர் வாழ்ந்தார். முத்தம்மாள் என்னும் சின்னத்தாயம்மாள் அவர்.

ஈரோட்டுப் பெரிய வணிகர் வெங்கட்ட நாயக்கரின் மனைவி என்று அவரை உலகம் அறியும். ஆனால் செல்வம் வானத்திலிருந்து கொட்டவில்லை. வெங்கட்டர் இளமையில் கூலி வேலை செய்தவர். பிறகு வண்டி ஓட்டியவர். அதன்பின்தான் சிறு கடை வைத்தார். அந்த நாட்களில் சின்னத்தாயம்மாள் என்ன செய்தார்? கணவன் கொண்டுவரட்டும் என்று காத்திருந்தாரா? இல்லை. நெல்லைக் குத்தி அரிசியாக்கினார், பயறு உடைத்தார், ஆமணக்கிலிருந்து எண்ணெய் எடுத்தார், அவற்றை விற்றுக் காசு சேர்த்தார். மண்டிக்குப் போட்ட அடித்தளத்தில் அந்த உலக்கையின் ஓசையும் கலந்திருக்கிறது.

வசதி வந்தது, பக்தியும் வளர்ந்தது. வைணவக் குடும்பம். பாகவதர்களும் பண்டிதர்களும் அந்த வீட்டுக்கு வந்தவண்ணம் இருந்தார்கள். கதை நடந்தது, சோறு நடந்தது. மூலையிலிருந்து ஒரு சிறுவன் அந்தக் கதைகளைக் கேட்டான். கேட்டதோடு நில்லாமல் கேள்வியும் கேட்டான். பிற்காலத்தில் புராணங்களை வரிவரியாகப் பிரித்து மேடையில் பேசியவருக்கு, முதல் புராணப் பள்ளிக்கூடம் அவருடைய அன்னையின் வீடே! என்ன விந்தை பாருங்கள்: அம்மை புண்ணியத்துக்காகச் சோறிட்டார், பிள்ளை அங்கே பகுத்தறிவுக்குத் தீனி கண்டார்.

தாயும் மகனும் மோதாமலும் இல்லை. தாழ்ந்த சாதியென்று ஒதுக்கப்பட்டவர் வீடுகளில் சிறுவன் ராமசாமி தின்பண்டம் வாங்கித் தின்றான், தண்ணீர் குடித்தான். ஆசாரம் குலைந்ததென்று பெற்றோர் காலில் விலங்கு மாட்டினார்கள். விலங்கைத் தூக்கிக்கொண்டே அதே நண்பர்களைத் தேடிப் போனான் பிள்ளை! அந்தத் தாய் கொடியவரா? அன்புள்ளவர்தான். அன்புள்ள தாயின் கையாலேயே பெற்ற பிள்ளைக்கு விலங்கு மாட்ட வைத்ததே, அந்தச் சாதி ஆசாரம்தான் கொடியது. பகை யார், பகைக்கு இரையானவர் யார் என்று பிரித்தறிய இதைவிடச் சான்று வேண்டுமோ?

1925-இல் 'குடிஅரசு' தொடங்கியது; சுயமரியாதை இயக்கம் எழுந்தது. கோவிலையும் சடங்கையும் மகன் ஊர் ஊராகச் சாடிய காலத்தில், அன்னையார் உயிரோடிருந்தார். 1936 ஜூலையில் மறைந்தார். மகன் 'குடிஅரசு' ஏட்டில் தம் அன்னையைப் பற்றி எழுதினார். கொள்கை வேறென்பதற்காக அன்னையை மறக்கவில்லை. அன்னை என்பதற்காகக் கொள்கையை விடவுமில்லை.

இத்தோடு நம் கடமை முடிந்ததா? அம்மையார் மறைந்த 1936-ஆம் ஆண்டில் இந்த நாட்டுச் சட்டம் என்ன சொன்னது? மகன்கள் இருக்க, கணவன் சொத்தில் இந்து விதவைக்குப் பங்கில்லை. பிழைப்புக்குப் படி உண்டு, அவ்வளவுதான். நெல் குத்திச் செல்வம் சேர்க்கத் துணைநின்ற கைக்கும் அதுவே நீதி! 1937-இல் வந்த சட்டம் விதவைக்குப் பங்கு கொடுத்தது. அதுவும் ஆயுட்கால அளவுக்கே. முழு உரிமை வர 1956 ஆயிற்று. பெண்ணுக்கும் ஆணுக்கும் சம சொத்துரிமை வேண்டுமென்று செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானித்தது 1929-இல். பிறந்த வீட்டுப் பூர்வீகச் சொத்தில் மகளுக்குச் சம பங்கு தமிழ்நாட்டில் சட்டமானது 1989-இல். மத்தியச் சட்டத்தில் ஏறியது 2005-இல். தீர்மானம் சட்டமாக 60 ஆண்டு!

சட்டம் வந்துவிட்டது. வீட்டுக்குள் வந்ததா? அக்காளையும் தங்கையையும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப்போய், 'எனக்குப் பங்கு வேண்டாம்' என்று கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தத் தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்! யாருக்கு விடுதலை? எதிலிருந்து விடுதலை? அப்படிக் கையெழுத்து வாங்கியவர்களில் நம் கொடி பிடித்தவர் ஒருவரும் இல்லையென்று மார்தட்ட முடியுமா?

பிள்ளைச்சாவடித் தோழனுக்கு நாம் சொல்வது இதுதான். அம்மா ஏற்றும் விளக்கை ஊதி அணைப்பதில் வீரம் இல்லை. அவளோடு வாதாடு, ஆனால் அவள் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாதாடு. அவள் மறைந்தால், அவள் எப்படி வாழ்ந்தாளோ அப்படியே சொல். அவள் சாமி கும்பிட்டதையும் சொல், சுமந்ததையும் சொல். கடல் கொண்டதுபோக மிஞ்சிய வீடும் மனையும் யார் பெயரில் இருக்கின்றன என்று பார். உன் தங்கையின் பங்கை அவள் கேட்கும் முன்னே கொடு. அன்னையின் படத்துக்கு மாலை போடுமுன் இதைச் செய்.